காற்றுக்கு பிளான் எங்கே?

வீடு கட்டப் போகிறீர்களா? ஃபிளாட் வாங்க அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? ரொம்ப சந்தோஷம். இன்ஜினீயர் உங்கள் கையில் ஒரு கட்டு வரைபடம் கொடுத்திருப்பாரே, அதைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். தண்ணீர்க் குழாய் எப்படிப் போகிறது என்று ஒரு தாள் இருக்கும். கரன்ட் ஒயர் எங்கெங்கே ஓடுகிறது என்று இன்னொரு தாள். கழிவு நீர் எங்கே போய் விழுகிறது என்பதற்குக்கூட ஒரு தாள். சரி, காற்று எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகிறது என்பதற்குத் தாள் இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்காது. தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் தாக்குப் பிடிக்கிற நாம், காற்று இல்லாமல் ஐந்து நிமிஷம் தாங்க மாட்டோம். ஆனாலும் பிளான் போடும்போது காற்றை யாரும் கூப்பிடுவதில்லை. ‘ஏ.சி. மாட்டினா எல்லாம் சரியாயிடும்’ என்று விட்டுவிடுகிறோம்.

‘வைத்தியருக்கு எதுக்கு இந்த மேஸ்திரி வேலை?’ என்று கேட்பீர்கள். காலையில் எழுந்ததும் இருபது தும்மல் போடுகிற பையன், விடியும்போது தலை கனக்கிறது என்கிற அப்பா, ராத்திரி ஏ.சி. போட்டால் முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது என்று சொல்கிற பாட்டி... இவர்கள் வந்து உட்கார்ந்ததும், நாடியைப் பார்த்த கையோடு நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: ‘எந்த ரூம்ல படுக்கறீங்க? ராத்திரி எந்த ஜன்னல் திறந்திருக்கும்?’ பல பேருக்கு இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாது. அந்த ஜன்னலைத் திறந்தே பல வருஷம் ஆகியிருக்கும்.

என் கட்சி இதுதான். வீட்டுக்குள் குளிர்ச்சி வேண்டுமா, கதகதப்பு வேண்டுமா என்பது இரண்டாவது விஷயம். காற்று வருவதற்கு ஒரு வாசல், போவதற்கு ஒரு வாசல் - இதை முதலில் போடுங்கள். மெஷினை அப்புறம் வாங்குங்கள்.

21,600 மூச்சு

எங்கள் சித்த மருத்துவத்தில் மனிதனுக்கு ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று ஒரு கணக்கு. வகுத்துப் பாருங்கள், நிமிஷத்துக்குப் பதினைந்து வரும். கடிகாரத்தை வைத்து எண்ணுகிற இன்றைய டாக்டர்களின் கணக்குக்கும் இதற்கும் பெரிய சண்டை இல்லை. உள்ளே இழுப்பது எவ்வளவு முக்கியமோ, வெளியே விடுவதும் அவ்வளவு முக்கியம். இழுத்துக்கொண்டே இருக்கிற உடம்பு உண்டா? வீடும் அப்படித்தான்.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகக் கட்டினார்கள். வாசல்படியில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும்படி கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். முற்றம் என்பது சும்மா மழைத் தண்ணீர் பிடிக்கவும் வடாம் காயப்போடவும் மட்டும் இல்லை. சூடான காற்று லேசாகி மேலே எழும்பும், முற்றத்து வாய் வழியாக வெளியே போகும். அந்த இடத்தை நிரப்ப வாசல் பக்கமிருந்து புதுக் காற்று உள்ளே வரும். கரன்ட் இல்லாத டக்ட் அது!

பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அதே வீடுகளின் சமையலறையில் விறகடுப்புப் புகையோடு மல்லுக்கட்டிக் கண்ணையும் நெஞ்சையும் கெடுத்துக்கொண்ட பாட்டிமார்கள் எத்தனை பேர்! கூடத்துக்குக் கிடைத்த காற்று மரியாதை அடுப்படிக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தப்பையும் சேர்த்துத்தான் நாம் திருத்த வேண்டும்.

காற்றே மருந்தாக இருந்த காலமும் ஒன்று உண்டு. 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோயாளிகளுக்காக சானடோரியம் தொடங்கினார். காசத்தைக் கொல்லும் ஊசி மருந்து கண்டுபிடிக்கப்படாத நாட்கள் அவை. நல்ல காற்று, வெளிச்சம், ஓய்வு, சத்தான சாப்பாடு - இவைதான் சிகிச்சை. இன்று மருந்துகள் வந்துவிட்டன, அவற்றைத்தான் நம்ப வேண்டும். ஆனால் காற்றோட்டமில்லாத அறை காசத்துக்குச் சிநேகிதன் என்ற பாடம் மட்டும் மாறவே இல்லை. அதே சானடோரியம் பகுதியில்தான் இப்போது எங்கள் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது.

ஏ.சி. புதுக் காற்று தருவதில்லை!

‘அப்போ ஏ.சி.யே கூடாதுங்கிறீங்களா டாக்டர்?’

இல்லவே இல்லை. சித்திரை, வைகாசியில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில், தலைக்கு மேலே காங்கிரீட் ஸ்லாப் கொதிக்கும்போது, எழுபது வயதுக்காரரை ‘இயற்கையோடு வாழுங்க’ என்று சொல்லிவிட்டுப் போவது வைத்தியம் இல்லை. வெப்பத் தாக்கு உயிரைக் குடிக்கும். அவருக்கு ஏ.சி. மருந்து மாதிரி. எந்த மருந்துக்கும் அளவும் அனுபானமும் உண்டு அல்லவா? இதற்கும் உண்டு.

சுவரில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏ.சி. என்ன செய்கிறது? அறையில் இருக்கிற காற்றை மேலே இழுத்து, சூட்டையும் ஈரத்தையும் பிழிந்து வெளியே தள்ளிவிட்டு, அதே காற்றைத் திருப்பி உங்கள் மேல் விடுகிறது. வெளியில் இருக்கிற பெட்டிக்கும் உள்ளே இருக்கிற பெட்டிக்கும் நடுவில் ஓடுவது செப்புக் குழாய்க்குள் இருக்கிற குளிரூட்டும் வாயு, நீங்கள் சுவாசிக்கிற காற்று இல்லை. பல பேர் இதைக் கேட்டதும் ஆச்சரியப்படுகிறார்கள்! நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு மணி நேரம் படுத்தால், நாலு பேர் விட்ட மூச்சை நாலு பேரும் திரும்பத் திரும்ப இழுக்கிறார்கள். விடியற்காலைத் தலைக்கனத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

கொரோனா வந்தபோது உலகமே இந்தப் பாடத்தைப் படித்தது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில், ஜன்னல் இல்லாத ஓர் உணவகத்தில், அடுத்தடுத்த மேஜைகளில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்கு நோய் கண்டது. ஏ.சி. வீசிய காற்று அந்த மேஜைகளுக்கு நடுவிலேயே சுழன்றுகொண்டிருந்ததுதான் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். மெஷின் கெட்டதில்லை. காற்று வெளியே போக வழி இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். வெளியே 38 டிகிரி, உள்ளே 18 டிகிரி என்று வைத்துக்கொண்டு உள்ளுக்கும் வெளிக்கும் நடக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வரவேண்டிய முதுவேனிலும் முன்பனியும் ஒரே நாளில் பத்துத் தடவை மாறி மாறி வந்தால் உடம்பு என்ன செய்யும்? சளி பிடித்துக்கொள்ளும், மூட்டு பிடித்துக்கொள்ளும். 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கிற ஏ.சி.களில் ஆரம்ப அளவே 24 டிகிரி என்று வைக்கச் சொல்லி அரசு விதி இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் துறையின் கணக்கு. 25, 26-ல் வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். உடம்புக்கும் நல்லது, கரன்ட் பில்லுக்கும் நல்லது.

டக்ட் - காற்றுக்கான பிளம்பிங்

இப்போது கோவை, சென்னைப் பக்கம் தனி வீடு கட்டுகிறவர்கள் ‘டக்டட் ஏ.சி.’ போடுகிறார்கள். ஒரே மெஷின், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தகரக் குழாய்கள், ஒவ்வொரு அறையிலும் அழகான கிரில். பார்க்க ஓட்டல் மாதிரி இருக்கும். நன்றாகப் போட்டால் சுகம். அரைகுறையாகப் போட்டால், காசு கொடுத்து வியாதி வாங்கின கதைதான்.

ஒரு டன் ஏ.சி. என்கிறோமே, அது மெஷினின் எடை இல்லை. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை விழுங்குமோ, அவ்வளவு சூட்டை அகற்றும் சக்தி. அந்த ஒரு டன்னுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று ஓட வேண்டும் என்பது தொழில்காரர்களின் கைக்கணக்கு. 400 கன அடி அறைக்குள் போனால், 400 கன அடி அறையிலிருந்து மெஷினுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். இந்தத் திரும்பும் வழிக்கு ‘ரிட்டர்ன்’ என்று பெயர். சிக்கல் அதிகம் வருகிற இடம் இதுதான்.

ஹாலில் மட்டும் ஒரு ரிட்டர்ன் கிரில் வைத்துவிடுகிறார்கள். ராத்திரி படுக்கையறைக் கதவைச் சாத்துகிறோம். உள்ளே போன காற்றுக்குத் திரும்ப வழி இல்லை. அறை உப்பிப்போகிறது, குளிர்ச்சி குறைகிறது. அந்தப் பக்கம் ஹாலில் காற்றுப் பற்றாக்குறை. மெஷின் விடுமா? எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கிருந்து இழுக்கும். கழிவறையிலிருந்து, சமையலறையிலிருந்து, தெருப் புழுதியிலிருந்து! ஆகவே ஒவ்வொரு அறைக்கும் தனி ரிட்டர்ன் கேளுங்கள். முடியாவிட்டால் கதவின் அடியிலோ சுவரிலோ காற்று திரும்புகிற கிரில் கண்டிப்பாக வேண்டும்.

அடுத்தது, குழாய் போகிற இடம். கொதிக்கிற ஸ்லாபுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவில் குளிர்ந்த குழாய் போகிறது. மேலே சரியான இன்சுலேஷன் சுற்றாவிட்டால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் மாதிரி குழாய் வியர்க்கும். சொட்டுகிற ஈரத்தில் பூஞ்சை பூக்கும். ‘புது வீட்டுக்கு வந்ததிலிருந்து பொண்ணுக்கு வீசிங்’ என்று யாராவது சொன்னால், நான் சீலிங்கைத் திறந்து பார்க்கச் சொல்வேன். வீடு அவர்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஜோசியரிடம் போவதற்கு முன்னால்!

குழாய் இணைப்புகளை எதை வைத்து ஒட்டுகிறார்கள் என்றும் பாருங்கள். ‘டக்ட் டேப்’ என்று ஒன்று கடையில் விற்கிறதே, துணி வைத்த டேப்... அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் 1998-ல் சோதித்துப் பார்த்ததில், அது டக்டில் ஒட்டத்தான் லாயக்கில்லை என்று தெரிந்தது! பெயர்ப்பொருத்தம் மட்டும்தான். பசை மாதிரிப் பூசுகிற மாஸ்டிக் நிலைத்து நிற்கும்.

ஒரே குழாய், இரண்டு பருவம்

இதே குழாயில் வெயில் காலத்தில் குளிர்ச்சியும் பனிக் காலத்தில் சூடும் வரவேண்டும் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் வீடு கட்டுகிறவர்களுக்கும், டெல்லியில் குடியிருக்கிற பிள்ளைகளுக்கும், அமெரிக்காவில் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் போகிற பெற்றோருக்கும் இது தேவைப்படும்.

குளிர்ந்த காற்று கனம், கீழே இறங்கும். சூடான காற்று லேசு, மேலே ஏறும். ஆகையால் குளிர்ச்சியைக் கூரைப் பக்கத்திலிருந்து விட வேண்டும், சூட்டைத் தரைப் பக்கத்திலிருந்து விட வேண்டும். குளிர் நாடுகளில் பல வீடுகளில் ஜன்னலுக்கு அடியில், தரையிலேயே கிரில் இருப்பது இதனால்தான். கண்ணாடியை ஒட்டி இறங்குகிற குளிரை அந்தச் சூடான காற்று எதிர்கொண்டு தடுக்கிறது. இது தெரியாமல் அதன் மேல் ஊரிலிருந்து கொண்டுபோன பெட்டியை வைத்து மூடிவிட்டு, ‘மகன் வீட்டுல குளிர் தாங்கலை’ என்கிறவர்கள் உண்டு!

இரண்டுக்கும் ஒரே கிரில்தான் என்றால், இதழ்களைத் திருப்புகிற மாதிரி கிரில் வேண்டும். குளிர்ச்சி விடும்போது கூரையை ஒட்டிப் படுக்கை வசமாக, சூடு விடும்போது தரையைப் பார்த்து. படுத்திருப்பவர் தலைமேல் நேராக வீசக் கூடாது. ரிட்டர்னை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மூடி போட்டு வைத்தால் ரொம்ப விசேஷம். வெயில் காலத்தில் மேலே உள்ளதைத் திறந்து உச்சியில் தேங்குகிற சூட்டை இழுங்கள். பனிக் காலத்தில் கீழே உள்ளதைத் திறந்து தரையில் தேங்குகிற குளிரை இழுங்கள்.

சூடேற்றிய வீட்டில் காற்று வறண்டுபோகும். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் எட்டிப்பார்க்கும், இருமல் வறட்டும். உடம்பில் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பது, தொண்டைக்கு இளஞ்சூட்டு நீர், உதட்டுக்கு ஒரு சொட்டு நெய் - இவை போதும். சூட்டை ஒரு டிகிரி குறைப்பது இன்னும் நல்லது.

கதகதப்பு கொல்லும்

இனி சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் படித்துக்காட்டுங்கள்.

கொரியாவில் ‘ஓண்டோல்’ என்று ஒரு பழைய முறை. அடுப்பின் சூட்டையும் புகையையும் தரைக்கு அடியில் சந்து வைத்து ஓடவிட்டுத் தரையையே கதகதப்பாக்குவார்கள். அற்புதமான யோசனை. ஆனால் சென்ற நூற்றாண்டில் விறகுக்குப் பதில் நிலக்கரி அச்சுகளை எரிக்கத் தொடங்கியபோது, தரை வெடிப்பில் கசிந்த வாயுவால் குடும்பம் குடும்பமாகத் தூக்கத்திலேயே இறந்தார்கள். கார்பன் மோனாக்ஸைடு! நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும்.

நம் ஊரில் என்ன நடக்கிறது? குளிருக்காக ஊட்டி லாட்ஜ் அறைக்குள் கரி அடுப்பைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கிறார்கள். சமவெளியில்? பாத்ரூமுக்குள் கேஸ் கீஸர்! வெந்நீர் சொகுசாக வருகிறது. சின்ன அறை, கதவு தாழ், வெண்டிலேட்டரில் அட்டை. குளிக்கப் போன பெண் வெளியே வரவில்லை என்று பத்திரிகையில் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! டக்டட் ஏ.சி. காற்றுக்கு ஏங்கி உறிஞ்சுகிற வீடு என்றால் ஆபத்து இரட்டிப்பு. வெளியே போக வேண்டிய கீஸர் புகையை அது உள்ளே இழுத்துவிடும்.

ஒரே அறையில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றால் ‘பித்தம்’ என்று எலுமிச்சம்பழம் தேடாதீர்கள். உடனே கதவு ஜன்னலைத் திறந்து, ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-க்குப் போன் செய்யுங்கள். இதற்கு மருந்து ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன்தான். என் பெட்டியில் இதற்குச் சூரணம் இல்லை.

என்ன கேட்க வேண்டும்?

புதிதாகக் கட்டுகிறவர்கள் இன்ஜினீயரிடம் இவற்றைக் கேளுங்கள்.

ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கம் திறப்பு உண்டா? நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஈரப்பதமான வெப்பப் பகுதிக்குத் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கும், வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கும், குளிர்ப் பகுதிக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கும் திறப்பு வைக்கச் சொல்கிறது. ஊருக்கு ஊர் கணக்கு வேறு. சென்னை வீட்டுக்கு மத்தியானத்துக்கு மேல் கிழக்கே கடல்காற்று. கோவைக்கு மேற்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. அந்தப் பக்கம் பீரோவை வைத்து அடைத்துவிடாதீர்கள்.

சமையலறைப் புகையும் பாத்ரூம் ஈரமும் நேராக வெளியே போகிறதா? கீஸர் வெளியே, காற்றாடும் இடத்தில் இருக்கிறதா? டக்ட் போட்டால் ரிட்டர்ன் எங்கே? புதுக் காற்று எவ்வளவு சேர்கிறது? ஃபில்டரைக் கழற்றிக் கழுவக் கை எட்டுமா?

ஏற்கெனவே ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சுலபமான பரிசோதனை. ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி ஜன்னல், கதவடி, வெண்டிலேட்டர் பக்கம் பிடித்துப் பாருங்கள். புகை எங்கே ஓடுகிறதோ அதுதான் உங்கள் வீட்டின் மூச்சு. எங்கும் ஓடாமல் நேராக நின்றால், வீடு மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். படுக்கப்போகும் முன் அரை மணி, எழுந்தவுடன் அரை மணி எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். ராத்திரியும் ஒரு விரற்கடை சந்து இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரைக் கழுவுங்கள்.

இவற்றில் எதையும் இன்றைக்கே செய்ய முடியாதவர்கள் ஒன்றே ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். பாத்ரூமில் கேஸ் கீஸர் இருந்தால் அதை அணைத்துவிட்டு, வெளியே மாற்ற ஆளுக்குச் சொல்லி அனுப்புங்கள். வெண்டிலேட்டரில் சொருகியிருக்கும் அட்டையை எடுத்துவிடுங்கள். அதுவரை, நாளைக் காலை வெந்நீரை அடுப்பில் போட்டுக்கொண்டால் போகிறது!